எர்பியம் பெட்டி இன்டர்நெட்டுக்கு உதவுமா?

கேள்வி: பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் நான் பிறந்து வளர்ந்தது தாராவியில்தான். 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் லைன்மேனாக இருக்கிறேன். ஒரே ஃபைபரில் டிவியும் இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். கண்ட்ரோல் ரூமில் ஈடிஎஃப்ஏ என்று ஒரு பெட்டி உண்டு. நாங்கள் எர்பியம் பெட்டி என்போம். பதினாறு போர்ட், போர்ட்டுக்கு 19 டிபிஎம். இன்டர்நெட்டுக்கான ஓஎல்டி 4 டிபிஎம் விடுகிறது. இரண்டும் அந்தப் பெட்டியிலேயே சேர்ந்து ஒரே இழையில் வெளியே போகும். மெயின் ரோட்டுப் பெட்டியில் எட்டாகப் பிரியும், சந்துப் பெட்டியில் மறுபடி எட்டாகப் பிரியும்.

இப்போது ஒரு சந்தில் மட்டும் தகராறு. எட்டு வீட்டிலும் டிவி படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வீட்டு இன்டர்நெட் பெட்டியான ஓஎன்யு-வில் அடிக்கடி சிவப்பு விளக்கு எரிகிறது. இரண்டு ஒளியையும் தனித்தனியே அளக்கும் பான் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: வீட்டில் டிவிக்கான 1550-இல் மைனஸ் 11, இன்டர்நெட்டுக்கான 1490-இல் மைனஸ் 29. பக்கத்துச் சந்துகளில் எல்லாம் நன்றாக இருக்கிறது. முதலாளி லாமிங்டன் ரோட்டில் விசாரித்தார். சின்ன ஈடிஎஃப்ஏ ஒன்றை வாங்கி, சந்துப் பெட்டிக்கு வரும் ஃபைபரில் மாட்டிவிட்டால் டிவி, நெட் இரண்டும் தூக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். வாங்கலாமா என்று முதலாளி என்னைக் கேட்கிறார். நான் ஐடிஐ வரைதான் படித்தவன்.

ஒளியை எப்படிக் கூட்டுகிறார்கள்? கூடுதல் ஒளி எங்கிருந்து வருகிறது? அது இன்டர்நெட்டுக்கும் உதவுமா? வெர்சோவாவில் கடலுக்குள் இறங்கும் கேபிளுக்கு நடுக்கடலில் ஆம்ப்ளிஃபயர் உண்டா, அதற்குக் கரண்ட் யார் கொடுக்கிறார்கள்? விளக்கமாக எழுதினால் எங்கள் பையன்களுக்கும் படித்துக் காட்டுவேன்.

— ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: தம்பி, முதலில் முதலாளியிடம் போய், வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. டிவி தூக்கும். ஆனால் எட்டு வீட்டிலும் இப்போது விட்டு விட்டாவது வருகிற இன்டர்நெட், அந்தப் பெட்டியை மாட்டிய நிமிடமே அடியோடு நின்றுவிடும். காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், உங்கள் மீட்டர் காட்டும் எண்களைக் கொஞ்சம் வாட்டில் மாற்றிப் பார்ப்போம்.

டிபிஎம் கணக்கில் பூஜ்யம் என்பது ஒரு மில்லிவாட். பத்து ஏறினால் பத்து மடங்கு. பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. மூன்று இறங்கினால் பாதி. உங்கள் போர்ட்டில் 19 டிபிஎம் என்றால் சுமார் 80 மில்லிவாட். அந்தச் சந்து வீட்டில் டிவி ஒளி மைனஸ் 11, அதாவது ஏறக்குறைய 80 மைக்ரோவாட். ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்டர்நெட் ஒளி மைனஸ் 29, அதாவது ஒரு மைக்ரோவாட்டுக்குச் சற்று அதிகம்.

ஒரே இழை, ஒரே வீடு. ஆனால் இரண்டு ஒளிக்கும் தேவை ஒன்றல்ல. இன்டர்நெட் ஒளியைப் படிக்கும் ஓஎன்யு, 'உண்டா, இல்லையா' என்ற ஒரே கேள்வியை வினாடிக்கு சுமார் 250 கோடி முறை கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல மைனஸ் 27 டிபிஎம், அதாவது இரண்டு மைக்ரோவாட் போதும். டிவி ஒளி அப்படி இல்லை. அத்தனை சேனல்களின் ரேடியோ அலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒளியின் பிரகாசத்திலேயே நுணுக்கமான ஏற்ற இறக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த நுணுக்கம் இரைச்சலில் மூழ்காமல் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமானால், இன்டர்நெட்டுக்கு வேண்டியதைப்போல் நூறு மடங்கு ஒளி வேண்டும். 10 மில்லிவாட் டிரான்ஸ்மிட்டரைப் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி 64 ஆகப் பிரித்தால் வீட்டுக்கு மைனஸ் 25-தான் போய்ச் சேரும். டிவிக்கு அது இருட்டு. ஆகவேதான் கண்ட்ரோல் ரூமில் எர்பியம் பெட்டி. டிவிக்காக வாங்கிய பெட்டி அது. இன்டர்நெட் ஒளி பெட்டியின் வாசலில் வந்து கூடச் சேர்ந்துகொண்டு போகிறதே தவிர, எர்பியம் இழைக்குள் அது நுழைவதே இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பெட்டிக்குள் சில மீட்டரிலிருந்து பத்து, இருபது மீட்டர் வரை நீளமுள்ள கண்ணாடி இழை வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு உங்கள் சந்தில் ஓடும் ஃபைபர் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் நடுத்தண்டில் மிகச் சிறிதளவு எர்பியம் கலந்திருக்கும். அரிய மண் தனிமங்களில் ஒன்று அது; ஸ்வீடனில் உட்டர்பி என்ற கிராமத்துச் சுரங்கக் கல்லிலிருந்து மொசாண்டர் 1843-இல் பிரித்தெடுத்தார். (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அரிய மண் தனிமங்கள் உண்டு. அந்த மணலை எடுக்கும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் தலைமையகம் உங்கள் பிரபாதேவியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மோனசைட்டில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம் போன்ற இலேசான வகைதான், எர்பியம் சொற்பம்.)

இந்த இழைக்குள் இரண்டு ஒளிகள் நுழைகின்றன. ஒன்று, டிவியைச் சுமந்து வரும் 1550 நானோமீட்டர் ஒளி. மற்றது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் பம்ப் லேசரின் ஒளி. பெரும்பாலும் 980 நானோமீட்டர். அதில் செய்தி எதுவும் இல்லை, வெறும் சக்திதான். எர்பியம் அயனி பம்ப் ஒளியை விழுங்கி மேல்படிக்கு ஏறுகிறது. அங்கே அது தங்காது. சில மைக்ரோசெகண்டில் நடுப்படிக்கு இறங்கிவிடும். நடுப்படியில் மட்டும் சுமார் பத்து மில்லிசெகண்ட் காத்திருக்கும். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையே என்று தோன்றலாம். வினாடிக்குக் கோடிக்கணக்கான துடிப்புகள் ஓடும் இழையில் அது ஒரு யுகம். அந்தக் காத்திருப்பில் ஒரு 1550 ஒளித்துகள் உரசிக்கொண்டு போனால் போதும், அயனி கீழே இறங்கி, தன் சக்தியை இன்னொரு ஒளித்துகளாகக் கொடுத்துவிடும். புதிய துகளுக்கு அதே அலைநீளம், அதே திசை, அலையின் அதே கட்டம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இழையின் மறுமுனையில் நூறு மடங்காக வெளியே வருகிறது. தூண்டப்பட்ட உமிழ்வு என்ற இந்த விதியை ஐன்ஸ்டைன் எழுதியது 1917-இல்.

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டிருந்தால் இது சட்டென்று புரியும். பாடகர் போடும் தாளத்தை முன்வரிசை ரசிகர் பிடித்துக்கொள்வார். அவரைப் பார்த்துப் பின்வரிசை பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அரங்கமே அதே காலத்தில் தட்டும். தொடையில் கை வைத்துத் தயாராக உட்கார்ந்திருக்கும் ரசிகர்தான் நடுப்படியில் நிற்கும் எர்பியம். இதில் ஒரு தொல்லையும் உண்டு. பாடகர் ஆரம்பிப்பதற்கு முன்பே தன்பாட்டுக்குத் தட்டுகிற ஆள் எந்த அரங்கிலும் இருப்பார். அவர் தட்டலையும் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். எர்பியமும் அப்படியே. யாரும் தூண்டாமல் தானாகவே இறங்கும் அயனிகள் கண்டபடி ஒளியை விடும். அந்த ஒளியும் வழியெல்லாம் பெருகும். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே கூடுதல் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை: பம்ப் லேசரிலிருந்து. பம்ப் லேசருக்குக் கரண்ட்டிலிருந்து. மின்சார பில்லில் ஒரு சிறு பகுதி, எர்பியம் வழியாக டிவி ஒளியாக மாறி வீடுகளுக்குப் போகிறது. பெட்டிக்குள் இன்னும் இரண்டு உறுப்புகள் முக்கியம். பம்ப் ஒளியையும் சிக்னல் ஒளியையும் ஒரே இழையில் சேர்க்கும் கப்ளர் ஒன்று. மற்றது ஐசொலேட்டர்: ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஒருவழிக் கதவு. அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து திரும்பி வரும் ஒளி மறுபடி பெருகி, ஆம்ப்ளிஃபயரே லேசராக மாறி ஊளையிடத் தொடங்கும். இந்த ஐசொலேட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்து விவகாரத்தில் இதுதான் முக்கிய ஆசாமி.

ஆய்வுக்கூடங்களில் இந்த இழைச் சுருளை மூடியில்லாமல் மேஜைமேல் வைத்திருப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டால் அந்த வளையம் பச்சையாக மினுங்கும். 980-உம் கண்ணுக்குத் தெரியாது, 1550-உம் தெரியாது. பச்சை எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் முழிப்பார்கள். ஏற்கெனவே ஏறி நிற்கும் எர்பியம் இன்னொரு பம்ப் துகளையும் விழுங்கி, இன்னும் மேலே போய், அங்கிருந்து விழும்போது பச்சை ஒளியை விடுகிறது. சிக்னலுக்கு அதனால் காலணா பிரயோஜனமில்லை, வீணாகும் சக்தி. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொழிலில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான் என்பதால், எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே இருக்கும் சக்தி அதிகம்.

இந்தக் கருவியின் வயது சுமார் நாற்பது வருடம். 1987-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசூர்வீர் குழுவும் எர்பியம் இழை ஆம்ப்ளிஃபயரைத் தனித்தனியே வெளியிட்டன. அப்போது பம்ப் செய்ய மேஜையை அடைக்கும் லேசர் தேவைப்பட்டது. அதைக் கடலுக்கடியில் போடுவது எப்படி? 1989-இல் ஜப்பானில் நகாசாவா குழு சின்னஞ்சிறு குறைகடத்தி லேசரைக் கொண்டே பம்ப் செய்து காட்டியது. அந்த லேசரின் அலைநீளம் 1480 நானோமீட்டர். பிறகுதான் தொலைபேசிக் கம்பெனிகள் எழுந்து உட்கார்ந்தன. நம் நாட்டிலும் கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் எர்பியம் கலந்த இழையைத் தானே தயாரித்திருக்கிறது.

1480 என்றதும் ஏதாவது உறைத்ததா? உங்கள் இன்டர்நெட் ஒளி 1490. எர்பியத்துக்கு அது கிட்டத்தட்ட பம்ப் ஒளி. ஓஎல்டி அனுப்பும் இன்டர்நெட் ஒளி எர்பியம் இழைக்குள் நுழைந்தால் அது பெருகாது; எர்பியம் அதைத் தின்று, அந்தச் சக்தியைக் கொண்டு டிவி ஒளியைத்தான் வளர்க்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அதோடு போகவில்லை. வீட்டிலிருந்து ஓஎன்யு திருப்பி அனுப்பும் 1310 ஒளி எதிர்த்திசையில் வர வேண்டும். நடுவில் ஐசொலேட்டர் இருக்கிறது. வழியே கிடையாது. எனவே சந்துக்கு வரும் ஃபைபரில் ஈடிஎஃப்ஏ-யை மாட்டினால், இறங்கும் ஒளி எர்பியத்துக்கு இரை, ஏறும் ஒளிக்கு அடைத்த கதவு. இரண்டு பக்கமும் ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் கப்ளர் வைத்து, இன்டர்நெட்டை மட்டும் சுற்றுவழியில் அனுப்பிச் சமாளிக்க முடியும்தான். அத்தனை செய்தாலும் இன்டர்நெட் மைனஸ் 29-இலேயே நிற்கும்.

இன்டர்நெட் ஒளியையே கூட்டும் ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. குறைகடத்தி ஆம்ப்ளிஃபயர்கள் 1310, 1490 இரண்டுக்கும் உண்டு. ஜிபான் என்ற ஃபைபர் இன்டர்நெட் முறையின் தூரத்தை நீட்டுவதற்குச் சர்வதேசத் தரமே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்கு அது பொருத்தம். மிஞ்சினால் ஒன்றரை கிலோமீட்டர் ஓடும் உங்கள் தாராவி இழைக்கு அல்ல. உங்கள் சந்துக்குக் குறைவாக இருப்பது ஒளி அல்ல; வந்த ஒளி வழியில் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்பதை உங்கள் மீட்டரே சொல்லிவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். கடல் கேள்வியை முடித்துவிடுவோம்.

நல்ல ஃபைபரில் 1550 ஒளி கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் குறையும். பதினைந்து கிலோமீட்டரில் பாதி. நூறு கிலோமீட்டரில் நூறில் ஒன்று. 1966-இல் சார்லஸ் காவ், கண்ணாடியைச் சுத்தமாக்கினால் ஒளி தூரம் போகும் என்று எழுதியபோது இந்த அளவை யாரும் நினைத்திருக்க முடியாது. ஆனால் இவ்வளவு சுத்தமான கண்ணாடியும் கடலுக்குப் போதாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இழப்பு 640 டெசிபெல். அதாவது ஒன்றுக்குப் பின்னால் 64 பூஜ்யம் போட்டு, அத்தனையில் ஒரு பங்கு. ஒரு மில்லிவாட் ஒளியில் வினாடிக்கு ஏறக்குறைய எட்டாயிரம் லட்சம் கோடி ஒளித்துகள் போகின்றன. பதினைந்து பூஜ்யக் கணக்கு. பிரபஞ்சம் பிறந்த அன்றைக்கு அந்த விளக்கைப் போட்டு இன்றுவரை அணைக்காமல் விட்டிருந்தாலும், சிங்கப்பூர் முனைக்கு ஒரே ஒரு துகள்கூட வந்து சேர்ந்திருக்காது. விளக்கைப் பெரிதாக்கிப் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். வழியில் கூட்டிக்கொண்டே போனால்தான் உண்டு. அதிலும் இரைச்சலுக்குள் முங்குவதற்கு முன்னால் கூட்ட வேண்டும். முங்கிய பிறகு கூட்டினால் இரைச்சலும் சேர்ந்துதான் உயரும். எவ்வளவு திறமையாகச் செய்த எர்பியம் ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும், சுத்தமான சிக்னல் ஒன்றை வாங்கிப் பலமடங்கு பெருக்கும்போது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாதியாவது குறைத்துத்தான் கொடுக்கும். இயற்கையின் வரி அது; ஏமாற்ற முடியாது.

ஆகவே கடலடிக் கேபிளில் சுமார் 50-இலிருந்து 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக உலோகக் குடுவைகள் கோத்திருக்கும். ரிப்பீட்டர் என்று பெயர். உள்ளே இருப்பது, போக ஒரு இழை, வர ஒரு இழை என்று ஒவ்வொரு ஜோடிக்கும் எர்பியம் ஆம்ப்ளிஃபயர்கள். நடுக்கடலில் யாரும் கரண்ட் கொடுப்பதில்லை. கரையிலிருந்தே போகிறது. இழைகளைச் சுற்றி ஒரு செம்புக் குழல் இருக்கிறது. அதில் சுமார் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைப் பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் தள்ளுவார்கள். ஒரு கரையில் பாசிட்டிவ், எதிர்க்கரையில் நெகட்டிவ். திரும்பும் பாதை கடலும் மண்ணும்தான். எல்லா ரிப்பீட்டரும் வரிசையாக அந்த ஒரே மின்னோட்டத்தில் பிழைக்கின்றன. பம்ப் லேசர் ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்படி இரட்டை ஏற்பாடு. இருபத்தைந்து வருடம் கடலடியில் கிடக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இறக்குகிறார்கள். கப்பல் அனுப்பித் தூக்கி ரிப்பேர் பண்ணுவது லேசான செலவு இல்லை.

எர்பியம் வருவதற்கு முன்னால் இந்தக் குடுவைகளுக்குள் வேறு வேலை நடந்தது. 1988-இல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் ஒளி இழைக் கேபிளான டாட்-8-இல் ஒளியை மின்சாரமாக மாற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒளியாக மாற்றி அனுப்பினார்கள். அதில் சிக்னல் புதிதாகவே பிறந்துவிடும், இரைச்சல் ஒட்டாது. அது ஒரு வசதி. ஆனால் குடுவைக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த வேகத்தோடு கேபிளின் தலையெழுத்து முடிந்தது. எர்பியம் ஆம்ப்ளிஃபயருக்கு வேகம் தெரியாது, எழுத்து தெரியாது. சீரியலா வங்கிக் கணக்கா என்பதும் தெரியாது. 1530-இலிருந்து 1565 நானோமீட்டர் வரை எத்தனை நிற ஒளி வந்தாலும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கூட்டிவிடும். 1997-இல் மும்பைக்கு வந்த ஃப்ளாக் கேபிள் ஆம்ப்ளிஃபயர் தலைமுறை. அடுத்து வந்த சீ-மீ-வீ 3 பல நிற ஒளிகளை ஒரே இழையில் ஓட்டியது. பிறகு கரையிலுள்ள கருவிகளை மட்டும் மாற்றி, கடலுக்குள் கை வைக்காமலே அதன் கொள்ளளவைப் பலமுறை கூட்டினார்கள். மும்பை, சென்னை இரண்டையும் தொடும் சீ-மீ-வீ 4 இயங்கத் தொடங்கியது 2005-இல். உலகத்து இன்டர்நெட் மலிவானதற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். என் பட்டியலில் முதல் இடம் இந்தச் சின்ன இழைச் சுருளுக்குத்தான்.

தரையிலும் இதே கதைதான். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு நீங்கள் வீடியோ காலில் பேசும்போது, தரைவழி ஃபைபரில் எண்பது நூறு கிலோமீட்டருக்கு ஒரு சின்ன அறையில் ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, ஜெனரேட்டரோடு உட்கார்ந்திருக்கும். ரயில்டெல் 2000-இல் தொடங்கப்பட்டதிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே ஃபைபர் ஓட்டுகிறது. ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், உங்களோடு கூடவே ஒளியும் ஓடிக்கொண்டிருக்கும்.

நீண்ட தரைவழிகளில் இன்னொரு வகை ஆம்ப்ளிஃபயரும் உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் பெயரில் உள்ளது. 1928-இல் கல்கத்தாவில் அவரும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட விளைவு இது: ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளில் மோதிச் சிதறும்போது, கொஞ்சம் சக்தியை அங்கே விட்டுவிட்டு நிறம் மாறி வெளியே வருகிறது. கண்ணாடியில் இந்த மாற்றம் 1450 ஒளியைச் சுமார் 1550-க்குத் தள்ளும் அளவு. எனவே பலமான 1450 லேசரை மறுமுனையிலிருந்து சாதாரண ஃபைபருக்குள்ளேயே செலுத்தினால், எதிரே வரும் 1550 சிக்னல் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு வளரும். எர்பியம் வேண்டாம், பூமிக்குள் புதைத்த ஃபைபரே ஆம்ப்ளிஃபயராகிவிடுகிறது. ஒளி பலவீனப்பட்டு இரைச்சலில் இறங்குவதற்கு முன்பே, வழியிலேயே தாங்கிப் பிடிப்பதால் இரைச்சல் குறைவு. ராமன் இந்தக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். தூண்டப்பட்ட ராமன் சிதறல் 1962-இல்தான் தெரியவந்தது. இழையில் அதைக் காட்டியது எழுபதுகளில். அடிப்படை விளைவு அவருடையது. அதுவே போதும்.

இனி உங்கள் சந்து. நீங்கள் கொடுத்த எண்கள் அருமையானவை. பாதிப் பேர் 'சிக்னல் வீக்' என்று மட்டும் எழுதுவார்கள். கணக்குப் போடுவோம். எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றுக்கு இழப்பு சுமார் 10.5 டெசிபெல், இரண்டுக்கு 21. ஒன்றரை கிலோமீட்டர் இழைக்கும் இணைப்புகளுக்கும் ஒன்று, ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள். 19-இல் கழித்தால் டிவி ஒளி மைனஸ் 3-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்தது மைனஸ் 11. எட்டு டெசிபெல் காணோம். இன்டர்நெட்டுக்கு 4-இல் கழித்து, பெட்டிக்குள் சேருமிடத்தில் ஒரு டெசிபெல் விட்டால், மைனஸ் 20. வந்தது மைனஸ் 29. இங்கே ஒன்பது காணோம்.

இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பு என்பதுதான் துப்பு. கிரில்லிலோ ஆணியிலோ ஃபைபர் மடங்கியிருந்தால் அலைநீளம் கூடிய ஒளிக்குத்தான் அடி அதிகம். 1550 படுத்துவிடும், 1490 ஓரளவு தப்பும். இங்கே அப்படி இல்லை. எனவே மடிப்பு அல்ல, அநேகமாக கனெக்டர். தூசி, எண்ணெய், அல்லது பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றோடு ஒன்று மாட்டியிருப்பது. பச்சைத் தலையின் முனை எட்டு டிகிரி சாய்த்துச் சீவியது, நீலம் நேரானது. இரண்டையும் சேர்த்தால் நடுவில் காற்றிடைவெளி விழுந்து மூன்று நான்கு டெசிபெல் அங்கேயே போய்விடும். திரும்பும் பிரதிபலிப்பு டிவி படத்தை வேறு கெடுக்கும். கூடவே அழுக்கும் சேர்ந்தால் உங்கள் கணக்கு சரியாக வருகிறது.

எந்த இடம்? எட்டு வீடும் பாதிப்பு என்பதால் கோளாறு சந்து ஸ்பிளிட்டருக்கு முன்னால். மற்ற சந்துகள் நன்றாக இருப்பதால் மெயின் ரோட்டு ஸ்பிளிட்டருக்குப் பின்னால். ஆக, நடுவில் இருப்பது இரண்டு முனைகள்: மெயின் ரோட்டுப் பெட்டியில் அந்தச் சந்துக்குப் போகும் கால், சந்துப் பெட்டியில் உள்ளே வரும் அடாப்டர். முதலில் சந்துப் பெட்டியைப் பாருங்கள். மழையும் தூசியும் சேரும் இடம் அதுதான்.

பார்ப்பதற்கு முன் கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு அந்த ஈடிஎஃப்ஏ போர்ட்டை அணைக்கச் சொல்லுங்கள். 1550 கண்ணுக்குத் தெரியாது. முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உங்கள் பையன்களில் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள். ஒளி ஓடும் நடுத்தண்டின் விட்டம் சுமார் ஒன்பது மைக்ரான். போர்ட்டில் இருக்கும் 80 மில்லிவாட் அந்த ஊசிமுனைக்குள் அடங்கும்போது, சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் வாட்டை ஒட்டிய செறிவு. அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் கண்ணாடியில் பொசுங்கிக் குழி விழும். பிறகு எத்தனை துடைத்தாலும் போகாது, தலையை வெட்டிப் புதிதாக ஸ்பிளைஸ் போட வேண்டியதுதான். திரையில் காட்டும் ஃபைபர் ஸ்கோப் ஒன்று முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். ஈடிஎஃப்ஏ-க்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவழிக்கலாம். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கிளிக் கிளீனர் பேனா, அல்லது நூல் உதிராத டிஷ்யூவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

துடைத்து, இரண்டு பக்கமும் பச்சை என்று உறுதிசெய்து, போர்ட்டைப் போட்டபின், வீட்டில் மறுபடி பான் மீட்டரையே வையுங்கள். சாதா பவர் மீட்டர் இரண்டு ஒளியையும் சேர்த்துத்தான் காட்டும். டிவி ஒளி பலமாக இருப்பதால் இன்டர்நெட் செத்துக் கிடந்தாலும் அதில் தெரியாது. மைனஸ் 3, மைனஸ் 20 பக்கம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. சந்துப் பெட்டியில் கேபிள் நுழையும் துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், ஜூன் மழைக்கு முன்னால். அப்படி வராமல் 1490 சரியாகி 1550 மட்டும் இறங்கியே இருந்தால், இரண்டாவதாக ஒரு மடிப்பும் ஒளிந்திருக்கிறது. சிவப்பு லேசர் பேனாவை மாட்டிவிட்டு, இருட்டிய பிறகு அந்தக் கேபிள் கூடவே நடந்து பாருங்கள்.